பிராகாவின் ஓர்லோய் கடிகாரம்: கண் பறித்த கதையும், கைக்கடிகாரத்தோடு ஒத்துவராத முள்ளும்

வைகைக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. கடந்த ஜூன் மாதம் மகள், மருமகனுடன் செக் நாட்டின் தலைநகரமான பிராகாவுக்குச் சென்றிருந்தேன். அங்கே பழைய நகரச் சதுக்கத்தில், பழைய நகர மன்றக் கட்டடத்தின் தெற்குச் சுவரில் இருக்கும் ‘ஓர்லோய்’ என்னும் பெரிய வானியல் கடிகாரத்தின் முன்னால், ஜூன் 22 அன்று மாலை 5 மணிக்குப் பெருங்கூட்டத்தின் நடுவே நின்றிருந்தேன். எலும்புக்கூட்டுப் பொம்மை ஒன்று கயிற்றை இழுத்து மணியடிக்க, மேலே இரண்டு சாளரங்கள் திறந்து, இயேசுவின் பன்னிரு திருத்தூதர்களின் உருவங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எட்டிப் பார்த்துச் சென்றன. பொற்சேவல் கூவியது, மணி ஒலித்தது, சிறிது நேரத்திற்குள் கூட்டம் கலைந்துவிட்டது. எனக்கு மட்டும் கீழே இருந்த வட்டங்களை விட்டுக் கண்ணை எடுக்க மனம் வரவில்லை.

எனக்கு இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. முதலாவது, எங்களுடன் வந்த வழிகாட்டி சொன்ன கதையைப் பற்றியது. ஹனுஷ் என்ற கைவினைஞர் இக்கடிகாரத்தைச் செய்து முடித்ததும், வேறு எந்த நகரத்துக்கும் அவர் இதைப் போல ஒன்றைச் செய்து கொடுத்துவிடக் கூடாது என்று நகர மன்றத்தார் ஆள் அனுப்பி அவருடைய கண்களைக் குருடாக்கினார்களாம். பின்னர் அவர் தடவித் தடவிக் கடிகாரத்தின் உள்ளே சென்று, இயங்கிக்கொண்டிருந்த பொறிக்குள் கையை விட்டு அதை நிறுத்தினாராம். நூறு ஆண்டுகளுக்கு யாராலும் அதைச் சரிசெய்ய முடியவில்லையாம். இது நடந்த நிகழ்ச்சிதானா?

இரண்டாவது, கடிகார முகத்தைப் பற்றியது. அதில் மூன்று வகை எண்கள் இருக்கின்றன. உரோமானிய எண்களைச் சுட்டும் பொற்கை, என் கைக்கடிகாரம் 5 மணி காட்டியபோது 4 மணியையே காட்டியது. வெளி வளையத்தில் இருந்த எண்களை எனக்கு வாசிக்கவே தெரியவில்லை. இவற்றோடு ராசிகளின் குறிகள் கொண்ட, மையத்திலிருந்து விலகிய வளையம் ஒன்றும் இருந்தது. இத்தனை பேர் வந்து பார்க்கும் கடிகாரம் தவறான நேரத்தைக் காட்டுமா, அல்லது எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லையா? அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பழஞ்சுவடி

அம்மா அவர்களுக்கு வணக்கம். முதல் கேள்விக்கு என்னால் விடை சொல்ல முடியும். கண் பறித்த கதை உண்மையன்று. அந்தக் கடிகாரத்தை முதலில் செய்தவரும் ஹனுஷ் அல்லர்.

இதை உறுதியாகச் சொல்வதற்கு 1410 அக்டோபர் 9 எனத் தேதியிட்ட நகர மன்ற ஆவணம் ஒன்று துணைநிற்கிறது. கடான் என்ற ஊரைச் சேர்ந்த மிக்குலாஷ் என்னும் கடிகாரக் கைவினைஞர், பழைய நகரத்துக்காக வானியல் கடிகாரம் ஒன்றைச் செய்து முடித்ததை அது குறிப்பிட்டு, அவருடைய திறமையைப் பாராட்டி, ஹாவல் வாயிலருகே ஒரு வீட்டையும் பணத்தையும் அவருக்கு வழங்குகிறது. அதாவது கதையில் கண்ணைப் பறித்ததாகச் சொல்லப்படும் அதே நகர மன்றம், உண்மையில் கைவினைஞருக்கு வீடு கொடுத்துக் குடியமர்த்தியிருக்கிறது. கடிகார முகத்தின் வானியல் கணக்கை வகுத்தவராகச் சார்லஸ் பல்கலைக்கழகத்தின் கணித, வானியல் பேராசிரியரான யான் ஷிண்டெல் கருதப்படுகிறார். 1348ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட அப்பல்கலைக்கழகம் அந்தச் சதுக்கத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில்தான் இருக்கிறது. கணக்கறிந்த பேராசிரியரும் இரும்பை அறிந்த கைவினைஞரும் சேர்ந்து செய்த பொறி அது. எனக்கு அந்தக் கதையைக் காட்டிலும் இந்தக் கூட்டு வேலைதான் வியப்பூட்டுகிறது.

அப்படியானால் ஹனுஷ் எங்கிருந்து வந்தார் என்று நீங்கள் கேட்கலாம். அவர் கற்பனை மனிதர் அல்லர். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த ஒரு கடிகாரக் கைவினைஞர். 1490ஆம் ஆண்டையொட்டிக் கீழ்ப்பகுதியில் நாட்காட்டி வட்டம் சேர்க்கப்பட்ட காலத்துப் பணியோடு அவர் பெயர் இணைக்கப்படுகிறது. 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கடிகாரத்தைப் பழுதுபார்த்துப் பேணிய யான் தாபோர்ஸ்கி என்பவர், 1570ஆம் ஆண்டில் அதைப் பற்றி விரிவான அறிக்கை ஒன்றை எழுதினார். பொறியின் அமைப்பை மிகக் கவனமாக விளக்கிய அவரே, அதைச் செய்தவர் ஹனுஷ் என்று தவறாகக் குறித்துவிட்டார். அந்த ஒரு பிழை 300 ஆண்டுகளுக்கும் மேலாக நூலுக்கு நூல் பெயர்த்தெழுதப்பட்டு, கண் பறித்த கதையும் அதோடு ஒட்டிக்கொண்டு, 19ஆம் நூற்றாண்டில் செக் மக்கள் தங்கள் பழங்கதைகளை ஆர்வத்தோடு தொகுத்தபோது நிலைபெற்றுவிட்டது. 1410ஆம் ஆண்டு ஆவணம் ஆய்வாளர்களின் கவனத்துக்கு வந்ததோ 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான்.

கதையில் உண்மையின் நிழல் ஒன்று உண்டு. இக்கடிகாரம் பல முறை, நீண்ட காலம், ஓடாமல் நின்றிருக்கிறது. அண்ணாந்து பார்த்துச் சென்ற மக்களுக்கு அது ஏன் நிற்கிறது என்பதற்கு ஒரு காரணம் தேவைப்பட்டிருக்கும் என்பது என் எண்ணம். போலந்தின் கடான்ஸ்க் நகரத்துத் தூய மரியாள் கோவிலில் 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வானியல் கடிகாரம் ஒன்று இருக்கிறது; அதைச் செய்தவரைப் பற்றியும் இதே கண் பறிப்புக் கதை சொல்லப்படுகிறது. நம் நாட்டில் தாஜ்மகாலைக் கட்டியவர்களின் கைகள் வெட்டப்பட்டதாகச் சொல்லும் கதையையும், அதற்குச் சான்று ஏதும் இல்லை என்பதையும் நீங்கள் அறிந்திருப்பீர்கள்.

எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. நாள்தோறும் ஆயிரக்கணக்கானவர்களிடம் அந்தச் சதுக்கத்தில் ஹனுஷின் கதை சொல்லப்படுகிறது. மிக்குலாஷின் பெயரையும் ஷிண்டெலின் பெயரையும் கேட்டுச் செல்பவர்கள் மிகச் சிலரே.

நாழிகைவட்டில்

அம்மா, உங்கள் இரண்டாவது கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். திருக்கணித முறையில் பஞ்சாங்கக் கணக்குப் போடும் பழக்கம் எனக்கு உண்டு. அந்தக் கடிகாரத்தின் முன் முதன்முறை நின்றபோது, சுவரில் ஒரு பஞ்சாங்கம் சுழன்றுகொண்டிருக்கிறது என்றே எனக்குத் தோன்றியது. ராசியும் லக்னமும் திதியும் அறிந்த நமக்கு அதைப் படிப்பது கடினமே இல்லை.

முதலில் பொற்கையைப் பார்ப்போம். அது சுட்டும் உரோமானிய எண்கள் 24 மணி வட்டமாக அமைந்தவை. பன்னிரண்டு வரையிலான எண்கள் இரண்டு முறை வரும். உச்சியில் இருக்கும் பன்னிரண்டு நண்பகல், அடியில் இருக்கும் பன்னிரண்டு நள்ளிரவு. கோடைக்காலத்தில் ஐரோப்பிய நாடுகள் கைக்கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துக்கொள்கின்றன. ஆனால் இந்த முகத்தை அவ்வாறு தள்ளிவைக்க முடியாது. ஏனெனில் சூரியன் உச்சிக்கு வரும்போது பொற்கையும் உச்சியில் இருக்க வேண்டும் என்பதே அதன் அமைப்பு. ஆகவே ஜூன் மாதத்தில் அது ஒரு மணி குறைவாகக் காட்டியதுதான் சரி. நீங்கள் படித்ததிலும் பிழையில்லை, கடிகாரத்திலும் பிழையில்லை.

அடுத்து, உங்களால் வாசிக்க முடியாத வெளி வளையம். கருப்பு நிறத்தின்மேல் பொன் நிறத்தில், பழைய ஜெர்மானிய எழுத்துமுறையில் 1 முதல் 24 வரை அதில் எழுதப்பட்டிருக்கிறது. இது பழைய செக் நேரம். நமக்கு உதயத்தில் நாள் தொடங்கி 60 நாழிகை ஓடுவதைப் போல, அவர்களுக்கு அஸ்தமனத்தில் நாள் முடிந்து, அங்கிருந்து புதிய நாளின் முதல் மணி தொடங்கியது. சூரியன் மறையும் நேரம் நாளுக்கு நாள் மாறுவதால், இந்த வளையமும் ஆண்டு முழுவதும் முன்னும் பின்னும் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். நீங்கள் நின்ற அந்த மாலையில் சூரியன் மறைய ஏறக்குறைய நான்கேகால் மணி நேரம் இருந்தது. எனவே பொற்கை அந்த வளையத்தில் 20க்குச் சற்று முன்னால் நின்றிருக்கும். 24இலிருந்து அதைக் கழித்தால், இன்னும் எவ்வளவு நேரம் வெளிச்சம் இருக்கும் என்பது கிடைத்துவிடும். தெருவிளக்கு இல்லாத காலத்தில் கடையைக் கட்டுபவருக்கும் ஊர் திரும்புபவருக்கும் இதைவிடப் பயனுள்ள நேரக் கணக்கு வேறு ஏது?

மூன்றாவது வகை எண்கள் கருப்பு நிறத்தில், வளைந்த பொற்கோடுகளின் ஓரத்தில் 1 முதல் 12 வரை இருக்கும். இவைதாம் என் மனத்துக்கு மிக நெருக்கமானவை, ஏனென்றால் இவை நம் ஓரைகள். சூரிய உதயத்திலிருந்து அஸ்தமனம் வரையிலான பகலைப் பன்னிரண்டு சம பங்காக்கி, ஒவ்வொரு பங்கையும் ஒரு கோளுக்கு உரியதாக்குவது பழைய முறை. பகல் நீண்டால் ஓரையும் நீளும். பிராகா ஏறக்குறைய 50 பாகை வடக்கே இருப்பதால், அங்கே ஜூன் மாத நடுப்பகுதியைக் கடந்த பகல் 16 மணி நேரத்துக்கு மேல் நீள்கிறது. டிசம்பரில் எட்டு மணி நேரத்துக்குச் சுருங்கிவிடுகிறது. எனவே ஓர் ஓரை கோடையில் 82 நிமிடம் வரை வளர்ந்து, குளிர்காலத்தில் 40 நிமிடமாகக் குறுகுகிறது. சென்னையில் இந்த வேறுபாடு ஏறக்குறைய 64 நிமிடத்துக்கும் 57 நிமிடத்துக்கும் இடைப்பட்டதுதான். ஆகவேதான் ஓரையை ஒரு மணி என்றும், பகலில் எட்டில் ஒரு பங்கான ராகுகாலத்தை ஒன்றரை மணி என்றும் வைத்துக்கொண்டு நாம் தடுமாறாமல் வாழ்கிறோம். பிராகாவில் ராகுகாலம் பார்க்க வேண்டுமானால், அது கோடையில் இரண்டு மணி நேரத்தையும் தாண்டும், குளிர்காலத்தில் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். நீங்கள் நின்றபோது அங்கே பகலின் ஒன்பதாவது ஓரை முடியும் தறுவாயில் இருந்தது.

சொல்லிலும் ஓர் உறவு இருக்கிறது. ‘ஓர்லோய்’ என்ற செக் சொல், நேரம் காட்டும் கருவியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் திரிபு. அந்தச் சொல்லின் அடியில் இருப்பது ‘ஹோரா’ என்ற கிரேக்கச் சொல். அதே ‘ஹோரா’ வடமொழிச் சோதிட நூல்களின் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்து, நாம் பஞ்சாங்கத்தில் பார்க்கும் ஓரையாகியது. (சங்கப் பாடல்களில் மகளிர் விளையாட்டைக் குறிக்கும் ‘ஓரை’யின் பொருள் வேறு, அதை இங்கே கலக்கக் கூடாது.)

இனி அந்த விலகிய வளையத்துக்கு வருகிறேன். அதுதான் ராசிச் சக்கரம். அதன் பின்னால் அசையாமல் இருக்கும் முகத்தில் நீல நிறம் பகலையும், அடியில் இருக்கும் கருப்பு வட்டம் இரவையும், இரண்டுக்கும் இடைப்பட்ட செம்மை அந்தி வெளிச்சத்தையும் குறிக்கின்றன. மையத்தில் பூமி. கோபர்னிக்கஸ் தம் நூலை வெளியிட்ட 1543ஆம் ஆண்டுக்கு 133 ஆண்டுகள் முந்திய கடிகாரம் ஆதலால், பூமி நடுவில் இருப்பது இயல்புதான். நீலமும் செம்மையும் சந்திக்கும் கோடு தொடுவானம். இடப்பக்கம் கிழக்கு, வலப்பக்கம் மேற்கு. கிழக்குத் தொடுவானக் கோட்டை ராசி வளையத்தின் எந்தப் புள்ளி அந்த நேரத்தில் கடக்கிறதோ, அதுவே லக்னம். சாதகம் கணிப்பவர் தாளில் போடும் கணக்கை அந்தப் பொறி பொதுமக்கள் பார்க்கும்படி எந்நேரமும் போட்டுக்கொண்டிருக்கிறது.

ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். அது சாயன முறை, அதாவது வசந்தகாலச் சம இரவுப் புள்ளியிலிருந்து ராசிகளை எண்ணுவது. நம் பஞ்சாங்கம் நிரயன முறை, அதாவது விண்மீன்களை அடிப்படையாக வைத்து எண்ணுவது. இரண்டுக்கும் இன்று ஏறத்தாழ 24 பாகை வேறுபாடு; இதைத்தான் அயனாம்சம் என்கிறோம். ஜூன் 22 அன்று அந்த வளையத்தில் சூரியன் கடகத்தின் தொடக்கத்தில் இருப்பார். நமக்கோ அது ஆனி மாதம், சூரியன் மிதுனத்தில். நீங்கள் நின்ற நேரத்துக்கு நான் கணக்கிட்டுப் பார்த்தேன். கடிகாரம் விருச்சிகத்தைக் கீழ்வானத்தில் காட்டியிருக்கும்; அயனாம்சத்தைக் கழித்தால் நமக்குத் துலா லக்னம். ஆனால் திதிக்கு இந்தச் சிக்கல் இல்லை. சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடைப்பட்ட தொலைவை 12 பாகைக்கு ஒன்றாக எண்ணுவதுதான் திதி. இருபுறமும் அயனாம்சம் ஒன்றே ஆதலால் கழித்தலில் அது நீங்கிவிடுகிறது. எனவே அந்த முகத்தில் சூரிய முள்ளையும் சந்திர முள்ளையும் பார்த்து, நம் திதியை ஏறக்குறைய அப்படியே சொல்லிவிடலாம்.

கணித ஆசிரியையான உங்களுக்கு இதன் பல்சக்கரக் கணக்குப் பிடிக்கும் என்று நம்புகிறேன். ஒரே அச்சில் மூன்று பெரிய சக்கரங்கள் இருக்கின்றன. அவற்றின் பற்கள் முறையே 365, 366, 379. மூன்றையும் 24 பற்கள் கொண்ட ஒரே அளவுச் சிறு சக்கரங்கள் ஒரே வேகத்தில் தள்ளுகின்றன. 366 பற்கள் கொண்ட சூரியச் சக்கரம் 24 மணி நேரத்தில் ஒரு சுற்று முடிக்கிறது. 365 பற்கள் கொண்ட ராசிச் சக்கரத்துக்கு ஒரு பல் குறைவு என்பதால் அது 23 மணி 56 நிமிடம் 4 நொடியில் சுற்றி முடிக்கிறது. இது விண்மீன்கள் வானத்தைச் சுற்றிவர எடுத்துக்கொள்ளும் நேரமேதான். நாளொன்றுக்கு ஒரு பல்லளவு முந்திச் செல்வதால், ஆண்டு முடிவதற்குள் ராசி வளையம் சூரியனைவிட ஒரு முழுச் சுற்று கூடுதலாகச் சுற்றிவிடும். சூரியன் பன்னிரண்டு ராசிகளையும் கடந்துவந்ததாகிவிடும். சந்திரனுக்கு உரிய 379 பற்களைக் கணக்கிட்டால் 24 மணி 51 நிமிடம் வருகிறது. உண்மையான சராசரியிலிருந்து நாளொன்றுக்கு 40 நொடி அளவே வேறுபாடு. சிறிது சிறிதாகச் சேரும் இந்த வேறுபாட்டைக் கடிகாரத்தைப் பேணுபவர் அவ்வப்போது சரிசெய்துகொள்ள வேண்டும். இரும்புச் சக்கரத்தில் ஒரு பல்லைக் கூட்டி, ஒரு பல்லைக் குறைத்து வானத்தையே எழுதியிருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

சந்திர முள்ளின் முனையில் இருக்கும் உருண்டையையும் கவனித்திருப்பீர்கள். அதில் பாதி வெள்ளி நிறம், பாதி கருமை. அதன் உள்ளே தொங்கும் ஒரு சிறு எடையின் உதவியால், முள் சுற்றச் சுற்ற அது தானாகவே திரும்பி வளர்பிறையையும் தேய்பிறையையும் காட்டுகிறது. ராகு கேதுவும் மற்ற ஐந்து கோள்களும் இக்கடிகாரத்தில் இல்லை. எனவே கிரகணத்தை இதில் பார்க்க இயலாது.

வைகைக்கரை

பழஞ்சுவடி ஐயாவுக்கும் நாழிகைவட்டில் ஐயாவுக்கும் மனமார்ந்த நன்றி. 365, 366 என்ற கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தேன். 24ஐ 365ஆல் பெருக்கி 366ஆல் வகுத்தபோது 23 மணி 56 நிமிடம் 4 நொடி அப்படியே வந்தது. முப்பது ஆண்டுகள் விகிதக் கணக்கு நடத்தியிருக்கிறேன். இப்படி ஓர் எடுத்துக்காட்டை என் மாணவர்களுக்குக் காட்ட முடியாமல் போய்விட்டதே என்ற ஏக்கம் வந்துவிட்டது.

இன்னொரு கேள்வியையும் கேட்டுவிடுகிறேன். நான் பார்த்தது 1410ஆம் ஆண்டின் கடிகாரம்தானா? மிகப் புதியதாக, வண்ணம் காயாததைப் போலத் தோன்றியது. இரண்டாம் உலகப் போரில் அது எரிந்துபோனது என்று மருமகன் எங்கோ படித்ததாகச் சொன்னார்.

கல்தச்சன்

வணக்கம் அம்மா. பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கும் பணியில் இருப்பவன் என்ற முறையில் இந்தக் கேள்விக்கு நான் விடை தரலாம் என்று நினைக்கிறேன். உங்கள் மருமகன் படித்தது உண்மைதான். ஆயினும் நீங்கள் பார்த்தது பழைய கடிகாரம்தான் என்பதிலும் ஐயமில்லை. வெவ்வேறு நூற்றாண்டுகளின் கை பட்ட பகுதிகள் ஒரே சுவரில் சேர்ந்திருக்கின்றன என்பதே சரியான விடை. நடுவில் இருக்கும் வானியல் முகமும் அதன் பொறியும் 1410ஆம் ஆண்டில் தோன்றியவை. இன்றும் இயங்கும் வானியல் கடிகாரங்களில் மிகப் பழையதாக இது கருதப்படுவது இப்பகுதியை வைத்துத்தான். கீழே இருக்கும் நாட்காட்டி வட்டம் 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் சேர்ந்தது. மக்கள் கூடிப் பார்க்கும் திருத்தூதர்கள் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் நடந்த பழுதுபார்ப்பின்போது வந்தவர்கள். சேவல் அவர்களுக்கும் இளையது; 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அப்போது கடிகாரம் நீண்ட காலமாக ஓடாமல், துருப்பிடித்து, பழைய இரும்பாக விற்றுவிடலாம் என்று நகர மன்றம் எண்ணும் நிலைக்கு வந்திருந்தது. கிளெமென்டினம் வானாய்வகத்தின் தலைவரான அன்டோனீன் ஸ்ட்ர்னாட் என்பவர் அதன் அருமையை எடுத்துச் சொல்லி, பழுதுபார்க்கப் பணம் ஒதுக்கச் செய்தார். ஷிமோன் லான்ட்ஸ்பெர்கர் என்ற கடிகாரக் கைவினைஞர் அதை மீண்டும் ஓடவைத்தார். ஆனால் வானியல் முகத்தை முழுமையாக இயக்க அவர்களால் இயலவில்லை. அதற்கு மேலும் முக்கால் நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. 1865, 1866ஆம் ஆண்டுகளில் நடந்த பெரிய பணியில்தான் அது முழு உயிர் பெற்றது. ரோமுவால்ட் போஷெக் என்பவர் செய்த துல்லியமான காலமானி அப்போது பொறியோடு இணைக்கப்பட்டது. நாட்காட்டி வட்டத்துக்கு யோசெஃப் மானெஸ் என்ற ஓவியர் பன்னிரண்டு மாதங்களுக்கும் உழவர் வாழ்க்கையின் காட்சிகளை வரைந்தார். அவர் கைப்பட வரைந்த வட்டம் நகர அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது. வெயிலிலும் மழையிலும் சுவரில் இருப்பது அதன் படி.

ஸ்ட்ர்னாட்டைப் போல ஒருவர் உரிய நேரத்தில் வாய் திறக்காமல் போனதால் எடைக்குப் போன பழம்பொருள்களை என் தொழிலில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆகவே இந்தக் கடிகாரத்தின் வரலாற்றில் எனக்கு மிகப் பெரிய மனிதர் அவரே.

1945 மே மாதத்தில், போர் முடியும் தறுவாயில், பிராகா மக்கள் ஜெர்மானியப் படைக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். மே 8 அன்று பழைய நகர மன்றக் கட்டடம் தாக்கப்பட்டுத் தீப்பற்றியது. மரத்தாலான திருத்தூதர் உருவங்கள் எரிந்துபோயின; பொறி கடுமையாகச் சேதமடைந்தது. கட்டடத்தின் ஒரு முழுப் பிரிவு இடிந்துபோய், இன்றுவரை திரும்பக் கட்டப்படவில்லை. கோபுரத்தின் பக்கத்தில் புல்லும் மரமுமாக நீங்கள் பார்த்திருக்கக்கூடிய வெற்றிடம் அதுதான். கடிகாரத்தை விட்டுவிட நகரத்துக்கு மனமில்லை. வோய்த்யேஹ் சுகார்டா என்ற சிற்பி திருத்தூதர்களை மரத்தில் புதிதாகச் செதுக்கினார், பொறி பகுதி பகுதியாகச் சரிசெய்யப்பட்டது, 1948ஆம் ஆண்டில் கடிகாரம் மீண்டும் ஓடியது.

உங்களுக்குப் புதியதாகத் தோன்றியதற்குக் காரணம், 2018ஆம் ஆண்டின் பெரும்பகுதி நீடித்த புதுப்பிப்புப் பணி. அந்தப் பணியில் கற்சிற்பங்கள் தூய்மை செய்யப்பட்டு வண்ணங்கள் புதுப்பிக்கப்பட்டன. 1948ஆம் ஆண்டில் பொருத்தப்பட்ட மின்பொறியை எடுத்துவிட்டு, 1860களின் பொறியைத் திரும்பப் பொருத்தினார்கள். வேலை எளிதாகும் என்பதற்காகப் புதியதை வைத்துக்கொள்ளாமல் பழையதைத் தேடிப் பொருத்திய அந்த முடிவை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் அப்போதே புதிதாக வரைந்து வைக்கப்பட்ட நாட்காட்டிப் படியைப் பற்றி 2022ஆம் ஆண்டில் பெரிய சர்ச்சை எழுந்தது. மானெஸ் வரைந்த மனிதர்களின் முகமும் வயதும் உடையும் படியில் மாறியிருக்கின்றன என்று மரபுச்சின்ன ஆர்வலர்கள் முறையிட்டார்கள். என் கருத்தில் அவர்கள் முறையிட்டது சரியே. படி எடுப்பவரின் பணி கண்ணில் தெரிவதை அப்படியே பெயர்ப்பது. தாபோர்ஸ்கி செய்த ஒரு பெயர்ப்பிழை 300 ஆண்டுகளுக்கும் மேல் நீடித்தது என்று பழஞ்சுவடி மேலே எழுதியிருப்பதை இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

பழஞ்சுவடி

கல்தச்சன் அவர்கள் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும், ஏனெனில் மாற்றம் எப்போதும் பிழையாக இருப்பதில்லை. வானியல் முகத்தின் இருபுறமும் நான்கு உருவங்கள் நிற்கின்றன: கண்ணாடி பார்ப்பவன் தற்பெருமைக்கும், பணப்பையைப் பிடித்தவன் பேராசைக்கும், எலும்புக்கூடு சாவுக்கும், தலைப்பாகை அணிந்த துருக்கியன் இன்ப வேட்கைக்கும் உரியவர்கள். எலும்புக்கூடு மணியடித்து அழைக்கும்போது மற்றவர்கள் மறுத்துத் தலையசைப்பதைப் பார்த்திருப்பீர்கள். பணப்பை பிடித்த உருவம் முன்னர் யூத வட்டிக்காரனாக, இழிவுபடுத்தும் தோற்றத்தில் இருந்தது. போருக்குப் பின்னர் மீண்டும் அமைத்தபோது, அந்த இனத்தைச் சுட்டும் அடையாளங்களை நீக்கி, வெறும் பேராசைக்காரனாக அதை மாற்றினார்கள். பிராகாவின் யூத மக்களில் பெரும்பாலோர் நாஜிகளால் கொல்லப்பட்டிருந்த அந்த ஆண்டுகளில், பழைய உருவத்தை அப்படியே திரும்ப வைப்பது எவ்வளவு கொடுமையாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். துருக்கியனின் உருவம் மட்டும் இன்றும் மாறாமல் இருக்கிறது.

வைகைக்கரை

அந்த உருவத்தைப் பற்றிய செய்தியை வழிகாட்டி சொல்லவேயில்லை. மிக்க நன்றி ஐயா. மகள் அடுத்த டிசம்பரில் மீண்டும் அழைத்திருக்கிறாள். குளிருக்கு அஞ்சித் தயங்கிக்கொண்டிருந்தேன். இப்போது போகலாம் என்று தோன்றுகிறது. அப்போது அந்த முகத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

நாழிகைவட்டில்

அவசியம் செல்லுங்கள் அம்மா. மணி அடிக்கும்போது பொம்மைகளுக்காகக் கூட்டம் கூடும் நேரத்தைத் தவிர்த்து, நண்பகலுக்கு ஒரு கால் மணி நேரம் கழித்துச் செல்லுங்கள். முதலில் பொற்கையைப் பாருங்கள்; இம்முறை உங்கள் கைக்கடிகாரத்தோடு அது ஒத்திருக்கும். பிறகு சூரிய உருவம் முள்ளின்மேல் எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். ஜூனில் அது வெளி ஓரத்தை ஒட்டி இருந்திருக்கும். டிசம்பரில் மையத்தை நோக்கி இறங்கி வந்திருக்கும். அந்தச் சிறிய வட்டத்தில் சுற்றும்போது நீலத்தில் அது கடக்கும் தூரம் எவ்வளவு குறைவு என்பதைக் கண்ணாலேயே அளக்கலாம். வெளி வளையத்தின் 24 என்ற எண்ணைத் தேடுங்கள். ஜூன் மாதத்தில் வலப்பக்கம் கீழே உரோமானிய எட்டைத் தாண்டி நின்ற அது, மேலே ஏறி நான்கின் அருகில் வந்திருக்கும். அன்று மாலை நான்கு மணிக்கே அங்கு இருட்டத் தொடங்கிவிடும். கம்பளிச் சட்டையை மறக்க வேண்டாம்.